இனாமும் காசும்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, அம்பத்தூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டிருந்த நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தொடரலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. முதல் நாள் இரவு லினக்ஸின் புதிய கெர்னலை ஏற்றியிருந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் சிரித்தார். "இனாமாகக் கிடைப்பதெல்லாம் இப்படித்தான் ஸார்! காசு கொடுத்து வாங்கிய சரக்கென்றால் இந்தத் தொல்லை உண்டா?" என்றார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எனக்குக் கவலை திரையைப் பற்றியல்ல. பதினெட்டு அத்தியாயங்களைப் பற்றி. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்-3ஐத் தட்டினேன். கறுப்பில் வெள்ளை எழுத்துக்கள் தோன்றி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டன. உள்ளே போய்ப் பார்த்தால், அத்தனை அத்தியாயங்களும் பத்திரம்! லினக்ஸ் உயிரோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பேச்சைப் படமாக்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டுதான் வாயடைத்துக் கிடந்தது.

ஏன்? கார்டுக்கும் கெர்னலுக்கும் நடுவே டிரைவர் என்ற துபாஷி ஒருவன் உண்டு. கார்டைச் செய்த கம்பெனி – அதன் பெயர் இங்கே வேண்டாம் – அவனைப் பூட்டிய பெட்டியில் வைத்துத் தந்திருந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் அவனையும் புதிதாகப் பொருத்த வேண்டும்; அன்று பொருத்தம் தவறிவிட்டது. மறுபடி பொருத்தியதும் திரை பிழைத்தது. அந்த டிரைவர் வெளிப்படையாக எழுதப்பட்டுக் கெர்னலோடே சேர்ந்திருந்தால், கெர்னலை மாற்றுகிறவர்களே அதையும் சரி செய்திருப்பார்கள்.

'வெளிப்படையாக்கினால் வியாபாரம் கெடும்' என்பார்கள். கெட்டதா? 2007-ல் ஏ.எம்.டி. தன் கார்டுகளின் விவரக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. இன்றும் வியாபாரம் நடக்கிறது. என்விடியா கார்டுகளுக்கோ, 'நூவோ' தொண்டர்கள் கார்டு நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்துக் கவனித்தே டிரைவர் எழுதினார்கள்; அது 2010-ல் கெர்னலில் சேர்ந்தது. 2012-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மேடையிலேயே அந்தக் கம்பெனியைத் திட்டினார். 2022 மே மாதம் அதுவும் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது. ஆனால் 2018 முதல் வந்த கார்டுகளுக்கு மட்டும். பழைய கார்டுக்காரன் என்ன பாவம் செய்தான்?

1964-ல் ஏற்பட்ட எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வாருங்கள். லேத்தில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால், பட்டறைக்காரர் அளந்து, வெட்டி, மாட்டிவிடுகிறார். விற்றவனிடம் உத்தரவு கேட்பதில்லை. வாங்கிய பொருள் வாங்கியவனுடையது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வாகனங்கள், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றுக்கு முதலிடம் தந்தது. நல்ல காரியம். அந்த உரிமை என் மேஜை மேலுள்ள கார்டு வரை வர வேண்டும்.

லினக்ஸ் பண்டிதர்களையும் நான் விடப் போவதில்லை. புதிதாக வருகிறவன் திரை இருண்டு தவிக்கும்போது, 'கையேட்டைப் படி' என்று விரட்டுகிறார்களே, அது ஞானமல்ல, கர்வம். எஃப்-3 தெரியாத ஒருவன் அன்று என் நாற்காலியில் இருந்திருந்தால் அழுதிருப்பான். பூட்டிய பெட்டிக்கும் பூட்டிய வாய்க்கும் என்ன வித்தியாசம்?

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை கார்டு வாங்கும்போது, 'இதன் டிரைவர் கெர்னலோடேயே வருகிறதா?' என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் கோபிக்காதீர்கள். நாம் கேட்காததால்தான் அவர் தெரிந்துகொள்ளவில்லை.

என் நண்பருக்கும் பதில் சொல்லி முடித்து விடுகிறேன். ஸ்வாமி, அன்று என் நாவலைக் காப்பாற்றிக் கொடுத்தது இனாமாக வந்த லினக்ஸ். காலை வாரியது, நான் காசு கொடுத்து வாங்கிய கார்டு!