பாஸ் அவுட் ஆனால் மயக்கமா?



போன மாசம் எங்க பெரியம்மா மகள் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போச்சு. டிகிரி முடிச்ச அக்கா. எப்போது படிப்பு முடிந்தது என்று இங்கிலீஷில் கேட்டாங்களாம். "ஐ பாஸ்டு அவுட் இன் 2023" என்று அக்கா தைரியமா சொல்லியிருக்கு. கேட்டவர் சிரிச்சுட்டு, "அப்புறம் மயக்கம் எப்பம்மா தெளிஞ்சுது?" என்றாராம். அதுக்கப்புறம் அக்காவுக்கு வாயே வரலை. ரிஷிவந்தியம் வர்ற வரைக்கும் பஸ்ஸில் அழுதுகிட்டே வந்துச்சு.

நான் டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். பாஸ் என்றால் தேறுவது, அவுட் என்றால் வெளியே. ரெண்டும் சேர்ந்தா மயங்கி விழுவதாம்! பிரேயரில் வெயில் தாங்காம ஒருத்தி பொத்துனு விழுந்தாளே, இங்கிலீஷ்காரங்க பேச்சில் அதுதான் பாஸ் அவுட். அமெரிக்காவில் பேப்பரை எல்லாருக்கும் கொடுப்பதையும் இப்படிச் சொல்லுவாங்க. அப்போ கணக்குக் கேள்வித்தாளை பாஸ் அவுட் பண்ணா நம்ம கிளாசே பாஸ் அவுட் ஆயிடும். (கணக்கு சார் மன்னிக்கணும்.)

இதுக்காக இங்கிலீஷைத் திட்டாதீங்க. சாப்பிட்டுக் கை கழுவுவதும், கூட இருந்தவங்களைக் கை கழுவுவதும் ஒண்ணா? வெள்ளிக்கிழமை தலை முழுகுவது வேற, "அவனைத் தலை முழுகிட்டேன்" வேற. வார்த்தை வார்த்தையா பிரிச்சா தமிழிலும் மாட்டிக்குவோம்.

ஆனா அக்கா சொன்னது தப்புனு நான் ஒத்துக்க மாட்டேன். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கு. 1963இல் தொடங்கியது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி எடுக்கிறாங்க. பயிற்சி முடியும்போது நடக்கும் அணிவகுப்புக்குப் பேரே பாஸிங் அவுட் பரேடு. இங்கிலாந்து ராணுவத்திலும் அதே பேருதான். அங்கே யாரும் மயக்கம் தெளிஞ்சுதானு கேட்பதில்லை. நம்ம நாட்டில் காலேஜுக்கும் அப்படியே சொல்றாங்க, அவ்வளவுதான். சிரிச்சவரும் வெளிநாட்டுக்காரர் இல்லையே!

வெளிநாட்டுக்காரங்ககிட்ட வேற மாதிரி சொல்லணும் என்பதைத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். அதைச் சிரிக்காம சொல்லித் தரலாம். நானும் யோக்கியம் இல்லை. போன வாரம் ஒருத்தி இங்கிலீஷ் பாடம் தப்பா வாசிச்சப்ப நான்தான் முதலில் சிரிச்சேன். அவ இன்னும் எழுந்து வாசிக்கலை.

இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி ரெண்டு வார்த்தை வினைகளை அர்த்தம் எழுதி மனப்பாடம் பண்றோம், பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுறோம். யார்கிட்ட, எந்த இடத்தில் சொல்லலாம்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க மிஸ்.

வர்ற புதன்கிழமை அக்காவுக்குக் கள்ளக்குறிச்சியில் இன்னொரு இன்டர்வியூ. ராத்திரியில் நான்தான் ஆபீசர். ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். "ஐ கம்ப்ளீட்டடு மை டிகிரி இன் 2023" என்று சொல்லுது. சத்தம்தான் இன்னும் கொஞ்சம் வரணும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி