இரண்டாவது கட்டில்

சென்ற இதழில் மயாமி பீச் பயணத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாதியில் மூடி வைத்துவிட்டேன். பதில் எழுதியே தீரவேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் கடைசி வரி வரை போனேன். கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான்: ஃப்ளோரிடாவின் அந்தப் பணக்காரக் கடற்கரை நகரம் தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கிறோம் என்று கொடி கட்டுவது காசுக்காக. நல்ல ஓட்டல் எல்லாரையும் வரவேற்கும், ஒரு சாராருக்குத் தனி வரவேற்பு எதற்கு? அங்கே வானவில் நிறத்தில் இருந்த சாலைக் கடப்பைப் பெயர்த்தது சரியான காரியம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் இரண்டு ஆண்கள் ஒரே அறையில் தங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை; ஆகவே நம்மிடம் இல்லாத எந்தச் சுதந்திரமும் அங்கே இல்லை.

கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்ல நான் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

நானும் என் துணைவரும் பத்தொன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். கொடைக்கானல், ஏற்காடு, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கால் போன பக்கமெல்லாம் போயிருக்கிறோம். லாட்ஜ் கவுன்டரில், "கூட வந்திருக்கிறவர் யார் சார்?" என்று கேட்பார்கள். மாமா பையன் என்பேன். சில ஊரில் சித்தப்பா பையன், சில ஊரில் ஆபீஸ் நண்பர். கன்னியாகுமரியில் ஒருமுறை நான் ஒரு உறவும் அவர் ஒரு உறவும் சொல்லிவிட்டோம். கவுன்டரில் இருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அரை நிமிடத்தில் என் துணைவரின் பிடரி வியர்த்ததை நான் பார்த்தேன். எங்களுக்கு எப்போதும் இரண்டு கட்டில் அறை. காலையில் ரூம் பாய் காபி கொண்டுவருவதற்குள் யாரும் படுக்காத அந்த இரண்டாவது கட்டிலைக் கலைத்து வைக்கவேண்டும். தலையணையில் முழங்கையை ஊன்றி ஒரு குழி. போர்வையை உதறிக் கால்பக்கம் ஒரு சுருட்டு. விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து விடுவது. என் துணைவர் இதில் கைதேர்ந்தவர். தன் ஈரத்துண்டையும் அந்தக் கட்டிலின் மேல் போட்டு வைப்பார்.

யாரும் கேட்பதில்லை என்று எழுதுகிற மனிதருக்கு இது தெரியாது. அந்த அறையெல்லாம் மாமா பையனுக்குக் கிடைத்த அறை. எங்களுக்கு யாரும் எந்த அறையும் கொடுக்கவில்லை. நாங்கள் யாரென்று தெரிந்தபின்பும் கேட்காமல் விட்டிருந்தால்தானே அதைச் சுதந்திரம் என்று சொல்லலாம்? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த மாதம் ஏற்காட்டில் வழக்கம்போலக் கட்டிலைக் கலைத்து வைத்தோம். இன்னொன்றும் கேட்கிறேன்: நம் ஊரில் இரண்டு பெண்கள் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு போய் அறை கேட்டால் என்னென்ன கேள்வி வரும் என்று கட்டுரையாளர் யோசித்ததுண்டா? நான்கு பக்கக் கட்டுரையில் பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்து, நல்ல ஓட்டல் எல்லாரையும் வரவேற்கும் என்கிற வாதம். கேட்க அழகாக இருக்கிறது. இதை மயாமி பீச்சில் நின்றுகொண்டு எழுத, அந்த ஊரின் வரலாற்றை ஒரு பக்கம்கூடப் படிக்காதவரால் மட்டுமே முடியும். யூதர்களுக்கு இடமில்லை என்பதை வெளிப்படையாக எழுதி வைத்த ஓட்டல்கள் அங்கே இருந்தன. அப்படிப்பட்ட அறிவிப்புகளை நகர நிர்வாகம் தடைசெய்ததே 1949இல்தான். அந்த ஓட்டல்களில் அறை கூட்டிய, துணி துவைத்த கறுப்பினத் தொழிலாளர்கள் போலீசில் பதிவு செய்து அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும். பொழுது சாய்ந்தால் பாலத்தைத் தாண்டி மயாமிக்குத் திரும்பிவிட வேண்டும். கடற்கரை ஓட்டல் மேடைகளில் பாடிக் கைதட்டல் வாங்கிய கறுப்பினப் பாடகர்கள், பாட்டு முடிந்ததும் அதே ஓட்டலில் தலை சாய்க்க முடியாமல் மயாமியின் ஓவர்டவுன் பகுதிக்குப் போய்ப் படுத்தார்கள். 1964 பிப்ரவரி 25 அன்று இருபத்திரண்டு வயது கேஷியஸ் கிளே, பின்னாளில் முகம்மது அலி, மயாமி பீச் மாநாட்டு அரங்கில் சானி லிஸ்டனை வென்று உலக சாம்பியன் ஆனார். அந்த வெற்றியைக் கொண்டாட அவர் போன இடம் விரிகுடாவுக்கு அப்பால், கறுப்பினத்தவர் தங்கும் ஹாம்ப்டன் ஹவுஸ் விடுதி.

அந்த ஓட்டல்களும் தங்களை நல்ல ஓட்டல் என்றுதான் சொல்லிக்கொண்டன.

தனி வரவேற்பு எதற்கு என்று கேட்கிறாரே, அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்கிற நியூயார்க் தபால்காரர் 1936இல் கறுப்பினப் பயணிகளுக்காக ஒரு கையேடு கொண்டுவந்தார். எந்த ஊரில் எந்த வீட்டில் படுக்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று முப்பது வருடம் அது சொல்லிக்கொண்டிருந்தது. 1960களின் நடுவில் பாப் டேம்ரன் என்பவர் தன்பாலீர்ப்பாளர்களுக்காகச் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு முகவரிப் புத்தகம் போட்டார். இவர்கள் சொகுசுக்காகப் பட்டியல் போடவில்லை. இரவு நேரத்தில், தெரியாத ஊரில், கதவைத் தட்டி அவமானப்படாமல் இருப்பதற்காகப் போட்டார்கள். 1964இல் வந்த அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம், ஓட்டலிலும் உணவகத்திலும் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து ஆளை விலக்கக்கூடாது என்றது. அந்தப் பிரிவில் பாலீர்ப்பு இல்லை. அறுபது வருடம் கழித்தும் அதில் அந்தச் சொல் ஏறவில்லை. ஊருக்கு ஊர், கவுன்டிக்குக் கவுன்டி நிலைமை மாறுகிற நாட்டில், எந்த ஊர் வரவேற்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகாமல் வேறு என்ன செய்வது?

மயாமியும் மயாமி பீச்சும் சேர்ந்த டேட் கவுன்டியில் 1977 ஜனவரியில் அப்படி ஒரு விதி வந்தது. வேலை, வீடு, ஓட்டல் போன்ற பொது இடங்கள் ஆகியவற்றில் பாலீர்ப்பின் பேரால் யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது. ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருந்த பாடகி அனிட்டா பிரையன்ட், குழந்தைகளைக் காப்போம் என்று அதை எதிர்த்துப் புறப்பட்டார். ஐந்தே மாதத்தில், ஜூன் 7 அன்று, கிட்டத்தட்ட 70 சதவீத வாக்குகளோடு அந்த விதியைத் தூக்கியெறிந்தார்கள். மறுபடி அதைக் கொண்டுவர 1998 டிசம்பர் வரை ஆனது. அதுவும் கவுன்டி ஆணையர்களிடையே 7க்கு 6 என்று ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது. 2002இல் மீண்டும் அதை ஒழிக்க வாக்கெடுப்பு நடத்தி, அந்த முறை தோற்றார்கள். ஓட்டல் அறையில் பயமில்லாமல் தங்குவதற்காக ஒரு ஊர் கால் நூற்றாண்டு அடித்துக்கொண்டிருக்கிறது. அதை விளம்பர உத்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார் கட்டுரையாளர்.

காசுக்காக என்கிறார். அந்த ஊரில் காசு எப்படி வந்தது என்று பார்ப்போம். கட்டுரையோடு அவர் போட்டிருக்கும் படத்தில் ஓஷன் டிரைவ் கட்டடங்கள் வெளிர் ரோஜா, கடல்பச்சை, எலுமிச்சை மஞ்சள் நிறங்களில் நிற்கின்றன. எழுபதுகளில் அந்த இடம் அப்படி இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த ஓட்டல்கள், வராந்தா நாற்காலிகளில் வயதானவர்கள். இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி கட்டக் காத்திருந்தார்கள். அதைத் தடுக்க பார்பரா பேர் கேப்பிட்மன் என்கிற பெண்மணி 1976இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார். அவருக்குத் தோள் கொடுத்தவர் லெனர்ட் ஹோரவிட்ஸ் என்கிற வடிவமைப்பாளர், தன்பாலீர்ப்பாளர். 1979இல் அந்தப் பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது. பிறகு வானத்தையும் கடலையும் மணலையும் பார்த்து ஹோரவிட்ஸ் நிறம் நிறமாகக் கலந்து, கட்டடம் கட்டடமாகப் பூசவைத்தார். வாஷிங்டன் அவென்யூவில் ஒரு பழைய பேக்கரிக்கு அவர் கொடுத்த நிறங்களைப் பார்த்துத்தான் ஊரே திரும்பியது. அப்புறம் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது, மாடல்கள் வந்தார்கள், ஓட்டல் முதலாளிகள் வந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஹோரவிட்ஸ் எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார். விருந்தாளிகள் என்று கட்டுரையாளர் யாரைச் சொல்கிறாரோ, அவர்களில் ஒருவர் பூசிய சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பணத்தைப் பற்றி நியாயமாகக் கேட்க ஒரு கேள்வி உண்டு. அந்த ஊரைத் தூக்கி நிறுத்திய தன்பாலீர்ப்பாளர்களில் பலர் வாடகை கட்ட முடியாமல் வடக்கே ஃபோர்ட் லாடர்டேல், வில்டன் மேனர்ஸ் பக்கம் போய்விட்டார்கள். வசதி இல்லாதவனுக்கு அந்தக் கடற்கரையின் வரவேற்பு எட்டாது. நாங்கள் அங்கே போனபோது எங்களுக்கும் நான்கு நாளுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. இதைக் கேட்டிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். அவருக்கு உறுத்துவது விலை இல்லை, வருகிற ஆட்கள்.

ஓஷன் டிரைவும் 12ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் 2018இல் வண்ணக் கற்கள் பதித்து அந்த வானவில் கடப்பைப் போட்டார்கள். 2025 அக்டோபரில் மாநில அரசின் ஆட்கள் வந்து பெயர்த்தார்கள். சாலைப் பாதுகாப்பு என்று அரசு சொன்னதைக் கட்டுரையாளர் அப்படியே வழிமொழிகிறார். 2022இல் புளூம்பெர்க் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, சாலையில் வண்ண ஓவியம் தீட்டிய 17 இடங்களை எடுத்துப் பார்த்தது. நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சிக்கிய விபத்துகளின் விகிதம் அங்கே பாதியாகக் குறைந்திருந்தது. இதே மாநிலத்தின் ஆர்லாண்டோவில், 2016 ஜூன் 12 அன்று 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களின் பல்ஸ் இரவு விடுதியின் முன்னால் இருந்த வானவில் கடப்பை 2025 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக அழித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்கிறவன் பகலில் வந்து செய்யலாமே.

அந்தக் கட்டுரையில் நான் மன்னிக்க முடியாத ஒரு பத்தி உண்டு. 1997 ஜூலை 15 அன்று மயாமி பீச்சில் தன் வீட்டு வாசல்படியில் சுட்டுக் கொல்லப்பட்ட, தன்பாலீர்ப்பாளரான ஆடை வடிவமைப்பாளர் ஜியானி வெர்சாச்சேயைச் சொல்லி, இப்படிப்பட்ட வாழ்க்கை இப்படித்தான் முடியும் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் காலையில் நடந்துபோய்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்து தன் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவரைச் சுட்டவன் அதற்கு முன் நான்கு பேரைக் கொன்றவன். கொலைகாரனை விட்டுவிட்டுப் பிணத்தைக் குற்றவாளி ஆக்குகிற எழுத்து இது. உலகத்தில் எங்காவது ஒரு கணவனோ மனைவியோ சுட்டுக் கொல்லப்பட்டால், கல்யாண வாழ்க்கை இப்படித்தான் முடியும் என்று அவர் எழுதுவாரா? எங்கள் வீட்டில் ஒரு மரணம் விழுந்தாலும் அதிலிருந்து பாடம் எடுக்க இவர் பேனாவோடு வந்து நிற்பார்.

நாங்கள் மயாமி பீச் போனபோது அந்த வானவில் கடப்பு இன்னும் அங்கே இருந்தது. 12ஆம் தெருவுக்கு நேரே மணலில், எங்களைவிட மூத்த இருவர், எழுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் வெயில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே கை எட்டாத இடத்தில் நிதானமாகத் தேய்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் முழங்காலில் துடைத்துக்கொண்டார் ஒருவர். பக்கத்தில் குழந்தைகள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் துணைவர் அந்த இருவரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஓட்டல் கவுன்டரில் நின்ற பெண், இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, ஒரே கட்டில் உள்ள அறைதான் கேட்டிருக்கிறீர்கள், சரிதானே என்றாள். சரி என்றேன். மாமா பையன் என்று சொல்லத் தயாராக இருந்த நாக்கு வறண்டிருந்தது. அவள் சாவி அட்டையைக் கொடுத்துவிட்டு, காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றாள்.

மறுநாள் விடிகாலையில் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். அவர் பழக்கதோஷத்தில் எழுந்து, ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றிருந்தார். போட்டு வைக்க இன்னொரு கட்டில் இல்லை.