ஈரான் வரை சென்ற சடுகுடு, நம் மஹல்லாவுக்கு வரவில்லை

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகளிர் கபடி இறுதியாட்டத்தில் இந்தியா 24-27 என்ற புள்ளிகளில் தோற்றது. வென்றவர்கள் ஈரான் நாட்டுப் பெண்கள். தலையை முழுவதும் மறைத்து, கைகால்களை மூடிய உடையில் ஆடித் தங்கம் பெற்றார்கள். அவர்களுக்குப் பயிற்சியளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்னும் பெண்மணி. ஆண்கள் பிரிவிலும், 1990 முதல் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதிருந்த இந்தியாவை அரையிறுதியில் ஈரானே வீழ்த்தியது.

ஒரு விளையாட்டு தான் பிறந்த மண்ணைத் தாண்டி வேரூன்றுவது இவ்வாறுதான். கற்க விரும்பியவர்கள் ஆசிரியரைத் தேடிச் சென்றார்கள். தங்கள் மார்க்க ஒழுக்கத்துக்கேற்ப உடையை அமைத்துக்கொண்டார்கள்.

நாமோ அந்த விளையாட்டின் தாய்மண்ணிலேயே வாழ்கிறோம். காரைக்காலைச் சுற்றியுள்ள டெல்டா ஊர்களில் சடுகுடு அறியாத தெரு அரிது. அண்டையிலுள்ள திருவாரூர் மாவட்டத்து வடுவூரின் அபினேஷும், சென்னை கண்ணகி நகரின் கார்த்திகாவும் 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் ஆடினார்கள். இரு இறுதியாட்டங்களிலும் எதிரே நின்றது ஈரான்தான். களம், நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற பஹ்ரைன். ஆயினும் நம் மஹல்லாக்களில் கபடி என்பது தொலைக்காட்சியில் பார்க்கும் ஒன்றாகவே இருக்கிறது.

காரணங்கள் இல்லாமல் இல்லை. முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை, தொழுகை நேரத்தை விழுங்கும் இரவு ஆட்டங்கள், ஓரமாக நடக்கும் பந்தயப் பணம் ஆகியவை குறித்துப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால் இவையெல்லாம் ஆட்டத்தைச் சூழ்ந்தவை, ஆட்டம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்ததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அன்னையவர்களின் ஓட்டத்தை மேடைதோறும் பெருமையுடன் சொல்லும் நாம், பத்து வயது மகள் தெருவில் ஓடினால் உள்ளே வரச் சொல்லி அதட்டுகிறோம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நம் தயக்கம் மார்க்கத்தைவிட ஊர்ப்பேச்சையே அதிகம் சார்ந்தது எனத் தோன்றுகிறது. முழங்கையில் தழும்பு விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது ஃபிக்ஹுக் கேள்வி அன்று.

மகளிர் கபடிக் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது, அணிக்கு எழுவர். மட்டையோ பந்தோ வேண்டாம். நம் ஷாதி மஹால்களில் பெரும்பாலானவை இதைவிடப் பெரியவை, வாரத்தில் பல நாட்கள் பூட்டியே கிடப்பவை. கதவை அடைத்துவிட்டால் அந்நிய ஆண்களின் பார்வைக்கும் இடமில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், ஒரு பெண் பயிற்சியாளர், தரையில் விரிக்க மெத்தை ஆகியவை போதும். மெத்தைக்கான பணத்தைத் திருமண அலங்கார விளக்குகளுக்குச் செலவிடும் வீடுகளிடம் கேட்கலாம். மஹாலின் சாவி ஜமாஅத் நிர்வாகிகளிடம் இருக்கிறது; இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே அவர்களிடம் கேட்க இருக்கிறோம்.