ஆடு, ஆனால் பேசாதே

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தகுதி, திறமை என்று பேசுகிறவர்களுக்குக் கணக்குத்தானே பிடிக்கும்.

ஆடம் குட்ஸ். ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர். நீள்வட்ட மைதானத்தில், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற அந்த நாட்டுக்கே உரிய ஆட்டம் அது. 1999 முதல் 2015 வரை சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டங்கள். வந்த வருஷமே சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. ஆட்டத்தின் தலையாய விருதான பிரவுன்லோ பதக்கம் 2003, 2006 என இரண்டு முறை. 2005லும் 2012லும் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2014இல் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ என்று நாடே பட்டம் கொடுத்தது.

இந்த மனிதரைத்தான் அடுத்த வருஷம் மைதானம் மைதானமாக ஊளையிட்டு விரட்டினார்கள். திறமை இருந்தால் போதும், எல்லாம் தானாக மாறிவிடும் என்று நம்புகிற தோழர்கள் இந்த ஒரு வாழ்க்கையைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குட்ஸின் தாய் ஆதிக்குடிப் பெண். சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்திடமிருந்து பிடுங்கப்பட்டவர். ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பறித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்து, அவர்கள் யார் என்பதையே மறக்கடிப்பது அந்த நாட்டு அரசாங்கக் கொள்கையாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. ‘திருடப்பட்ட தலைமுறை’ என்கிறார்கள். அந்தத் தாயின் மகன் தான் யார் என்பதைப் பெரியவனான பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னார். அவர் செய்த குற்றம் அதுதான்.

2013 மே 24. மெல்போர்ன் மைதானம். ஆதிக்குடி ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க என்றே வைத்த சுற்று. எதிரணி காலிங்வுட். கூட்டத்திலிருந்து ‘குரங்கு’ என்று ஒரு குரல். குட்ஸ் நின்றார், திரும்பினார், கையை நீட்டிக் காட்டினார். சொன்னது பதின்மூன்று வயதுச் சிறுமி. மறுநாளே குட்ஸ் பேசினார்: அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவாக இருங்கள், அவள் வளர்ந்த சூழலைப் பாருங்கள் என்றார். அவளும் மன்னிப்புக் கேட்டாள். ஐந்தே நாளில், காலிங்வுட் அணியின் தலைவர் எடி மெக்வயர் வானொலியில் உட்கார்ந்துகொண்டு, ‘கிங் காங்’ நாடக விளம்பரத்துக்குக் குட்ஸைப் பயன்படுத்தலாமே என்றார். சிறுமி எங்கே கற்றுக்கொண்டாள் என்று இனி யாரும் ஆராய வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் ஊளை வளர்ந்தது. ஜனவரி 26 தன் மக்களுக்குத் துக்கநாள் என்று பேசினார், ஊளை கூடியது. 2015 மே மாதம் கோல் போட்டுவிட்டு, ஆதிக்குடிச் சிறுவர்களிடம் கற்ற போர்நடனத்தை ஆடி, இல்லாத ஈட்டி ஒன்றை எதிரணிக் கூட்டத்தைப் பார்த்து எறிவதுபோல் காட்டினார். அவ்வளவுதான், ‘மிரட்டுகிறான்’ என்று அலறினார்கள். கையில் ஈட்டியே இல்லை! ஜூலையில் பெர்த் நகரத்தில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. வர முடியவில்லை. நிறைய வெள்ளையர்கள் அவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊளை நிற்கவில்லை.

ஊளையிட்டவர்களின் வாதம் என்ன? “நிறத்துக்காகவா கத்துறோம்? கீழ விழுந்து நடிச்சு ஃப்ரீ கிக் வாங்குறான், அதுக்குத்தான். எழுபது ஆதிக்குடி ஆட்டக்காரங்க இருக்காங்க, மத்தவங்கள நாங்க என்ன சொன்னோம்?” கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நடித்து விழுந்த வெள்ளை ஆட்டக்காரன் எவனையும் மாதக்கணக்கில், எல்லா ஊரிலும், ஓய்வு பெறும்வரை இப்படித் துரத்தவில்லையே! மற்றவர்களை விட்டுவைத்தார்கள் என்பது சாட்சியம் ஆகாது. வாயைத் திறந்தால் உனக்கும் இதுதான் என்று அந்த மற்றவர்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது.

இந்தச் சட்டத்தை ஒருவர் பச்சையாகவே சொல்லியிருக்கிறார். 1993 ஏப்ரல் 17 அன்று, நாள் முழுக்க வசவு கேட்ட நிக்கி வின்மார் என்ற ஆதிக்குடி ஆட்டக்காரர், ஜெயித்த பிறகு காலிங்வுட் கூட்டத்தின் முன்னால் சட்டையைத் தூக்கித் தன் கறுத்த தோலைத் தொட்டுக் காட்டினார். காலிங்வுட்டின் அன்றைய தலைவர் அதையொட்டிப் பேசும்போது, இவர்கள் வெள்ளையரைப் போல நடந்துகொண்டால் எல்லாரும் மதிப்பார்கள் என்ற பொருளில் சொன்னார். இருபது வருஷம் கழித்துக் குட்ஸுக்கு நடந்தது அந்த வாக்கியத்தின் செயல்வடிவம்.

இன்னும் பின்னால் போனால் டக் நிக்கோல்ஸ். 1920களில் கார்ல்டன் அணிக்கு ஆடப் போனவரை, உடம்பு நாறுகிறது என்று சொல்லி ஒதுக்கினார்கள். உடம்பு பிடித்துவிடுகிறவர் தொட மறுத்தார். இன்றைக்கு ஆதிக்குடிச் சுற்றுக்கு அவர் பெயர்தான். செத்தவர் பெயரை வைப்பது சுலபம், அவர் திரும்பிப் பேச மாட்டார்.

அந்த நாட்டு ஜனத்தொகையில் ஆதிக்குடிகள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். இந்த ஆட்டக்காரர்களில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, அந்த உடம்பு வேண்டும். அதன் ஓட்டமும் தாவலும் வேண்டும், டிக்கெட் விற்க அதன் படம் வேண்டும். வாய் மட்டும் வேண்டாம்.

2015 செப்டம்பரில் கடைசி ஆட்டம் தோற்றதும், உடை மாற்றும் அறையில் தோழர்களிடம் மட்டும் சொல்லிவிட்டுக் குட்ஸ் விலகினார். ஓய்வு பெறுபவர்களை இறுதி ஆட்டத்தன்று மைதானம் சுற்றிவந்து கையசைக்க வைக்கும் மரியாதைக்கும் போகவில்லை. 2019இல், ஊளையைப் பற்றிய ஆவணப்படம் வெளிவரும் நேரத்தில், நிர்வாகமும் பதினெட்டு அணிகளும் மன்னிப்புக் கேட்டன. நடந்தபோது கூடவே நின்று இது இனவெறி என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள், நாலு வருஷம் கழித்துச் சொன்னார்கள். அந்தச் சிறுமிக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

2021இல், ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கிறோம் வா என்று அழைத்தார்கள். குட்ஸ் வேண்டாம் என்றார்.

‘இன்னுமா கோபம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் கூடாது? ஊளையிட்டவன் ஊளையை மறந்துவிடலாம். கேட்டவன் ஏன் மறக்க வேண்டும்? அடித்தவன் கையாலேயே மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால், அடித்ததும் அந்த மாலையோடு சேர்ந்து மறைந்துபோகும். 372 ஆட்டங்களைவிட, இரண்டு பதக்கங்களைவிட, அந்த ஒரு ‘வேண்டாம்’ எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.