ராத்திரி முழிக்கிற ராஜா

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "என் நாலு மாசப் பிள்ளை ராத்திரி மூணு தடவை முழிச்சுக்கறான். பௌர்ணமி கிரிவலத்தன்று கேட்கவே வேண்டாம்! சளி மருந்து அரை ஸ்பூன் கொடுத்தால் தூங்குவான் என்கிறார்களே, கொடுக்கலாமா?"

வேண்டவே வேண்டாம், சகோதரி! அது தூக்கமில்லை, மயக்கம், மூச்சுக்கே ஆபத்து. சின்ன வயிறு, பசிக்கு முழிக்கிறான். ஆறு மாசம் வரை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும், ராத்திரிப் பால் தேவைதான்.

ஆனால் இரவு, பகல் வித்தியாசத்தைப் பழக்கலாம். பகலில் வெளிச்சம், பேச்சு, விளையாட்டு. பொழுது சாய்ந்ததும் தினம் ஒரே நேரத்தில் உடம்பு துடைத்து, பால் கொடுத்து, தாலாட்டுப் பாடி, அரைத் தூக்கத்திலேயே கிடத்துங்கள். மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், தலையணை கூடாது. 1990-களில் இதை வலியுறுத்திய மேல்நாடுகளில், தூக்கத்தில் நேரும் சிசு மரணம் பாதியாகக் குறைந்தது. நடுராத்திரி எழுந்தால் மங்கிய விளக்கு, பேச்சில்லாமல் பால்.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் சுற்றுகிற கூட்டம் விடிய விடியப் போகும். அன்று உள்ளறையில் படுங்கள். ஒரு ராத்திரி கெட்டால் பழக்கம் கெடாது. மறுநாள் அதே நேரம், அதே தாலாட்டு.

பகலில் அவன் தூங்கும்போது நீங்களும் கொஞ்சம் கண்ணயருங்கள். பாத்திரம் காத்திருக்கட்டுமே!