விதைநெல்லும் ஹார்டு டிஸ்கும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு நண்பர்களே, கோவிச்சுக்காதீங்க. ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி, ஹார்டு டிஸ்க்கை மாட்டி, டிவிக்குக் கீழ வச்சுட்டு, "இனி கூகுளுக்கு மாசக் காசு கட்ட வேண்டாம், போட்டோ எல்லாம் பத்திரம்"னு சொல்றீங்க. காசு மிச்சம், சரி. பத்திரம்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

2015 டிசம்பர்ல அடையாறு ஆறு கோட்டூர்புரத்திலயும் சைதாப்பேட்டையிலயும் வீட்டுக்குள்ளயே வந்துச்சு. 2021 நவம்பர்ல தி.நகர் தெருவெல்லாம் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். தண்ணி வந்தா கம்ப்யூட்டரும் பக்கத்துல இருக்கிற நகலும் சேர்ந்தேதான் போகும். ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டுன்னு சொல்றதும், ஒரு டிஸ்க் கெட்டாத்தான் உதவும். வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் கை தவறி அழிச்சதுக்கும் உதவாது.

நாட்டு ரக நெல் இன்னும் அழியாம இருக்குன்னா, நாலு ஊர்ல நாலு பேர் வீட்டுல விதை இருக்கிறதாலதான். கம்ப்யூட்டர்காரங்களும் அதைத்தான் 3-2-1னு சொல்றாங்க: மூணு நகல், ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வேற இடத்துல. அந்தக் கடைசி ஒண்ணைத்தான் விட்டுடறீங்க. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின ஒரு டிஸ்க்கைப் பொங்கலுக்கு வரும்போது ஊர் வீட்டுப் பரண்ல வச்சுட்டுப் போங்க. அடுத்த தடவை வரும்போது புதுசா மாத்திக்கலாம்.

விதைக்கு முன்னாடி நூறு நெல்லை ஈரச்சாக்குல சுருட்டி முளைப்புப் பாக்கிறோம். எண்பதாவது முளைக்கணும். அதுமாதிரி நகல்ல இருந்து நாலு போட்டோவைத் திருப்பி எடுத்து, திறக்குதான்னு பாருங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே பாருங்க.