சீட்டாட்டம்: திறமையா, அதிர்ஷ்டமா?

பண்டிகை விடுமுறையில் நம் இல்லங்களில் சீட்டுக்கட்டு வெளிவருவது வழக்கம். ஆடுவோர் ஆட்டத்தின் இயல்பையும் அறிந்திருத்தல் நலம்.

போக்கரில் ஐந்து சீட்டுகளின் சேர்க்கையே வெற்றியைத் தீர்மானிக்கும். நம் நாட்டு மூன்று சீட்டில் மூன்றே போதும். அரிதாக அமைவதே உயர்ந்தது என்பது இரண்டுக்கும் பொதுவிதி. ஆதலால் போக்கரில், ஆடுதனோ இஸ்பேடோ, ஐந்தும் ஒரே ஜாதியாயின் வெறும் தொடர்வரிசையை வெல்லும். மூன்று சீட்டிலோ தொடர்வரிசையே மேலானது. 52 சீட்டுகளில் மூன்றை 22,100 விதமாகச் சேர்க்கலாம். அவற்றுள் மூன்றும் ஒரே எண்ணாய் அமைபவை 52 மட்டுமே. அதாவது 425-இல் ஒன்று!

நமக்கு அண்மையிலுள்ள சிகந்தராபாத்தின் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 1967-இல் உச்ச நீதிமன்றம் மூன்று சீட்டை முற்றிலும் அதிர்ஷ்ட ஆட்டமென்றும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டிய ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டமென்றும் கூறியது. ஆனால் தெலங்கானா 2017-இல் சட்டத்தைத் திருத்தி, பணயம் வைத்தாடும் ரம்மிக்கு அச்சலுகை இல்லையென்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டியாடும் இணைய ஆட்டங்களை, திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடை செய்தது.

பிழைப்பை நாடி வந்த நமக்கு, ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகையும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் பணயப் பொருள்கள் அல்ல. நேயர்களே, புளியங்கொட்டைகளை வைத்து ஆடுங்கள். தோற்றாலும் சிரித்துக்கொண்டே எழலாம்.